தீர்வு இல்லாத பதினோராம் வினா

விடைத்தாள் திருத்துவதென்றால் எனக்கு இப்போதெல்லாம் முதலில் கழுத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. பாடமெல்லாம் பிறகு. குனிந்தபடி நாள் முழுக்க உட்கார்ந்தால் மறுநாள் தலையைத் திருப்பி பஸ் நம்பர் பார்க்கக்கூட முடியாது. இருந்தும் ஒவ்வொரு வருடமும் அழைப்பு வரும், நானும் போவேன். தமிழ் மொழிமூலம் கணிதம் படிப்பிக்கிறவர்கள் கண்டியில் அவ்வளவு பேர் இல்லை. நான் மாட்டேன் என்றால் என் பங்குத் தாள்கள் இன்னொரு களைத்த ஆளின் மேசைக்குத்தான் போகும்.

அந்த வருடம் நடந்தது பதினோராம் தரப் பிள்ளைகளுக்கான முன்னோடிப் பரீட்சை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைப் பழக்குவதற்காக வைப்பது. தாளை முதலில் சிங்களத்தில் தயாரிப்பார்கள். பிறகு யாராவது ஒரு தமிழ் ஆசிரியரிடம் கொடுத்து மொழிபெயர்த்து, கல்வி அலுவலகக் கந்தோரில் தட்டச்சு செய்து, அச்சடித்து அனுப்புவார்கள். மொழிபெயர்த்தது யார் என்று வெளியில் சொல்வதில்லை. எழுதி முடிந்த தாள்களை ஓரிடத்தில் சேர்த்து எல்லாரும் உட்கார்ந்து திருத்துவோம். அந்த முறை குண்டசாலைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபம். நான் டவுனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டும். விடுமுறைக் காலம். மற்ற ஆசிரியர்கள் வீட்டில் அலுமாரி துப்பரவாக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக இருந்தோம். மேலே காற்றாடி சுற்றியது. தாள் பறக்காமல் இருக்க ஒவ்வொருவரும் மேசையில் தண்ணீர்ப் போத்தலைப் பாரத்துக்கு வைத்திருந்தோம்.

ஆளுக்கு ஒரு வினா என்று பிரித்துத் தருவது வழக்கம். எனக்கும் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்குறணைக்காரர் ஒருவருக்கும் பதினோராம் வினா. அவருடைய சகோதரர்கள் எல்லாரும் மாத்தளை வீதியில் கடை வைத்திருக்கிறார்கள். இவர் ஒருவர்தான் ஆசிரியராகப் போனவர். "எங்கட வீட்டுல யாவாரம் வராத ஆளு நான் ஒருத்தன்தான் டீச்சர்" என்று அவரே சொல்வார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. பல வருடங்களாக இப்படித் திருத்தும் இடங்களில் சந்தித்துப் பழக்கம். பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவார். எனக்கும் ஒரு கோப்பை தராமல் குடிக்கமாட்டார்.

பதினோராம் வினா ஒருங்கமை சமன்பாடுகள். இரண்டு சமன்பாடுகளைத் தந்து, x எவ்வளவு, y எவ்வளவு என்று கேட்பது. சாதாரண தரத் தாளில் பிள்ளைகளுக்குப் புள்ளி நிச்சயம் என்று நாங்கள் நம்பும் கேள்விகளில் ஒன்று. எங்களிடம் தந்த புள்ளித் திட்டத்தில் விடை தெளிவாக இருந்தது. x மூன்று, y இரண்டு.

களைத்த ஆள் எப்படித் திருத்துவார் என்பது திருத்தியவர்களுக்குத்தான் தெரியும். கேள்வியைப் படிக்கமாட்டார். விடை முடியும் இடத்துக்குக் கண் போகும். அங்கே மூன்றும் இரண்டும் இருந்தால் சரி போட்டுக்கொண்டு அடுத்த தாள். இல்லாவிட்டால் மேலே போய், முதல் வரிக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று பார்ப்பார். அன்று காலை முதல் கட்டுத் தாள்களில் மூன்றும் இரண்டும் மிகக் குறைவாக இருந்தது. தாளுக்குத் தாள் வெட்டும் கிறுக்கலும். சிலர் பாதியில் விட்டிருந்தார்கள். சிலர் விடையே இல்லாமல் ஒரு கோடு கீறி முடித்திருந்தார்கள்.

"என்ன சேர் இது, இந்த வருஷத்துப் பிள்ளைங்களுக்கு இதுகூட வரலையா?" என்று நான் கேட்டேன்.

"கொரோனாக் காலத்துல சின்ன வகுப்புல இருந்த பிள்ளைகள் டீச்சர். அடி இல்லாத சுவரு" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

நாங்கள் இருவரும் அதை நம்பினோம். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது ஆசிரியர்களுக்குச் சுலபமாக நம்பக்கூடிய விஷயம்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு பிரித்த கட்டில் ஒரு தாள் வந்தது. பெயர் இருக்காது, இலக்கம்தான். நீலப் பேனையில் சிறிய, நிதானமான எழுத்து. அந்தப் பிள்ளை முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கி, இரண்டாவதை அதற்குக் கீழே எழுதி, கழித்திருந்தது. கிடைத்தது 0 = 24. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே வேறு முறையில் மறுபடி செய்திருந்தது. மறுபடியும் 0 = 24. பிறகு கோடு போட்ட தாளிலேயே x, y அச்சுகள் இரண்டும் கீறி, இரண்டு சமன்பாடுகளுக்கும் வரைபு வரைந்திருந்தது. ஒரு கோடு மேலே, ஒரு கோடு பூச்சியப் புள்ளியூடாகக் கீழே. இரண்டும் ஒரே சாய்வு. கீழே எழுதியிருந்தது:

"இந்த இரண்டு கோடுகளும் எங்கேயும் சந்திக்காது. அதனால் இந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு இல்லை."

என் கை பழக்கத்தில் பிழை போடத் தொடங்கிவிட்டது. ஒரு சாய்கோடு போட்டாயிற்று. அடுத்ததைப் போடப் போன இடத்தில் கை நின்றது. சாதாரண தரப் பாடத்தில் இப்படி ஒரு வசனம் எழுத யாரும் பழக்குவதில்லை. நான் அன்று முதல் தடவையாகக் கேள்வித்தாளை எடுத்துப் பதினோராம் வினாவைப் படித்தேன்.

2x + 3y = 12
4x + 6y = 0

படித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் செய்து பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது. இரண்டாவது சமன்பாட்டின் இடப்பக்கம் முதலாவதன் இடப்பக்கத்தின் சரியாக இரட்டிப்பு. அப்படியென்றால் வலப்பக்கமும் பன்னிரண்டின் இரட்டிப்பாக இருக்கவேண்டும். அங்கே பூச்சியம் இருந்தது. எந்த x, எந்த y போட்டாலும் இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. காலையிலிருந்து நான் பூச்சியம் போட்ட தாள்கள் என் இடப்பக்கத்தில் குவிந்திருந்தன.

"சேர், இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் பிள்ளையின் தாளைப் பார்த்தார். பிறகு கேள்வித்தாளைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு கேள்வியைப் பார்த்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும் அளவுக்குப் பார்த்தார்.

"டீச்சர், இவடத்துல கழித்தல் ஈக்கணும். நாலு x கழித்தல் ஆறு y."

"சிங்களத் தாளைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்." பேனையை மூடி மேசையில் வைத்தார். "தமிழாக்கினது நான்தான்."

அவர் மெதுவாகச் சொன்னார். நோன்பு மாதத்தில் கந்தோரிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பாடசாலை முடிந்து, நூலக அறையில் உட்கார்ந்து, கையால் எழுதி ஒப்படைத்தார். பிரதி எடுத்து வைக்கவில்லை. தட்டச்சான பிறகு அவருக்குக் காட்டவும் இல்லை.

"அப்போ தட்டச்சுல மாறியிருக்கும் சேர்."

"மாறியிருக்கலாம். நான் கழித்தல்னுதான் எழுதினேன்னு நெனக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண ஏலாது டீச்சர். பசி நேரம். கண்ணு ஒரு மாதிரி ஈக்கும்."

இருவரும் எழுந்து பிரதம பரீட்சகரிடம் போனோம். அவர் யாழ்ப்பாணத்தவர். கல்யாணம் செய்து கண்டிக்கு வந்து தலை நரைத்தவர். நீரிழிவுக்காரர். சீனியில்லாத தேத்தண்ணியை மருந்துபோலக் குடித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மொழிபெயர்த்தது யார் என்பதைச் சொல்லவில்லை. அவர் தன் கோவையிலிருந்து சிங்களத் தாளை எடுத்துப் பார்த்தார். அங்கே கழித்தல்.

"ஓம் டீச்சர். பிழைதான். கடவுளே." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பதினோராம் வினாவை இப்ப நிப்பாட்டுங்கோ. திருத்தின தாளுகளையும் திருப்பி எடுங்கோ. பிள்ளையள் என்னத்தை எழுதியிருக்கினம் எண்டு முதல்ல பாப்பம்."

அதனால் திருத்தியதையும் திருத்தாததையும் ஒன்றாகப் போட்டு முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். இப்போது நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன். படித்துப் பார்த்தபோதுதான் காலையில் நான் கிறுக்கல் என்று நினைத்தது என்ன என்று தெரிந்தது. பிள்ளைகள் 0 = 24 வரை சரியாக வந்து, அதைக் கண்டு பயந்து, வெட்டியிருந்தார்கள். மறுபடி செய்து, மறுபடி வெட்டியிருந்தார்கள். ஒரு பிள்ளை மிகவும் சின்ன எழுத்தில் "எனக்கு ஏதோ பிழைக்கிறது" என்று எழுதியிருந்தது.

x மூன்று, y இரண்டு என்று எழுதியவர்களும் இருந்தார்கள். எப்படி எழுதினார்கள் என்று பார்த்தால், சிலர் கூட்டலைத் தாங்களாகவே கழித்தலாக மாற்றிக்கொண்டு செய்திருந்தார்கள். அச்சுப் பிழை என்று ஊகித்த கெட்டிக்காரர்கள். ஒரு பாடசாலையில் வரிசையாக எல்லாரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தார்கள். பரீட்சை மண்டபத்தில் நின்ற ஆசிரியர் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். வேறு சிலர் எந்த வேலையும் காட்டாமல் விடையை மட்டும் எழுதியிருந்தார்கள்.

ஒரு தாளில் முதல் சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, x பூச்சியம் என்றால் y நாலு, x மூன்று என்றால் y இரண்டு, x ஆறு என்றால் y பூச்சியம் என்று கீழே கீழே எழுதி, "இப்படி எண்ணற்ற விடைகள் உண்டு" என்று முடித்திருந்தது. இரண்டாவது சமன்பாட்டை அந்தப் பிள்ளை கண்டுகொள்ளவே இல்லை.

அதைப் பார்த்துத்தான் அக்குறணை சேர் அன்று ஒருதரம் சிரித்தார். "ஒரு விடைங்கிறான் ஒருத்தன், விடையே இல்லைங்கிறான் ஒருத்தன், எண்ண முடியாதுங்கிறான் ஒருத்தன். ஒரு கேள்விக்குள்ள மூணும் வந்திட்டுது டீச்சர்."

உண்மையில் அந்த மூன்றும்தான் உண்டு. ஒரு தளத்தில் இரண்டு நேர்கோடுகள் ஓரிடத்தில் சந்திக்கும். அல்லது சமாந்தரமாகப் போய்ச் சந்திக்காமலே இருக்கும். அல்லது ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகக் கிடக்கும். முதலாவதற்கு ஒரு தீர்வு, இரண்டாவதற்குத் தீர்வு இல்லை, மூன்றாவதற்கு முடிவில்லாத தீர்வுகள். நாலாவது வகை கிடையாது. சரியாக இரண்டு தீர்வு என்றோ ஐந்து தீர்வு என்றோ வரவே வராது. உயர்தர வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஆனால் பதினோராம் தரம் வரை நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரேயொரு விடை இருக்கும், அது புத்தகத்தின் பின்பக்கத்திலும் இருக்கும். விடை வராவிட்டால் தன்னில்தான் பிழை என்று பிள்ளை நினைக்கிறது. அப்படி நினைக்கப் பழக்கியது நாங்கள்.

மத்தியானம் ஒரு சின்னக் கூட்டம் மாதிரி நடந்தது. மற்ற வினாக்களைத் திருத்தியவர்களும் கதிரைகளை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தார்கள். சிங்களத் தாளின்படியே திருத்தலாம், மூன்றும் இரண்டும் எழுதியவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தாளில் இல்லாத கேள்விக்கு எப்படிப் புள்ளி கொடுப்பது என்று அக்குறணை சேர் கேட்டார். "அச்சில உள்ளதுக்குத்தான் விடை. அச்சில உள்ளதுக்குத் தீர்வு இல்லை. அத எழுதின பிள்ளைதான் சரி."

"அப்பிடிப் பாத்தா முழு மாவட்டத்திலயும் நாலைஞ்சு பிள்ளையளுக்குத்தான் புள்ளி வரும் சேர்" என்றார் பிரதம பரீட்சகர். "மற்றப் பிள்ளையள் என்ன குற்றம் செய்தவை?"

அவர் சொன்னதும் சரி. இவர் சொன்னதும் சரி. எனக்குப் பசித்தது.

பிரதம பரீட்சகர் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். மறுபக்கத்தில் அதிகாரி சிங்களத்தில் பேசினார். குரலில் கோபம் இல்லை, அவருக்கும் களைப்பு. பதினோராம் வினாவுக்கு எதையாவது எழுதிய எல்லாருக்கும் முழுப் புள்ளி கொடுங்கள், இன்றைக்கே முடித்துவிடுங்கள், இதைப் பெரிதுபடுத்தவேண்டாம் என்றார். பெரும்பாலானவர்களின் முகத்தில் ஆறுதல் தெரிந்தது. எனக்கும் ஆறுதல்தான். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

அக்குறணை சேர் அந்த நீலப் பேனைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். "அப்போ இந்தப் பிள்ளையும், கேள்வியப் பாத்து எழுதிட்டு வெட்டிப்போட்ட பிள்ளையும் ஒண்ணா சேர்?"

"எனக்கும் விளங்குது சேர். ஆனா முழுப் புள்ளிக்கு மேல குடுக்க இடம் இல்லை."

"கடைசிப் பக்கத்தப் பாருங்க."

பார்த்தோம். கடைசி இரண்டு வினாக்களில் ஒன்றைத் தொடவே இல்லை. மற்றதில் ஒரு வரி எழுதி, அடுத்த வரி பாதியில் நின்றிருந்தது. நேரம் எல்லாம் பதினோராம் வினாவில் போயிருந்தது. எழுதாத விடைக்குப் புள்ளி கொடுக்க உலகத்தில் எந்தத் திட்டமும் இல்லை. பிரதம பரீட்சகர் தாளைத் திருப்பித் தந்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

அப்போதுதான் அக்குறணை சேர் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "இந்தத் தாளத் தமிழாக்கினது நான். பிழை என்ட பக்கத்துலதான்."

"ஏன் சேர் இப்ப அதைச் சொல்லுறீங்கள்?" பிரதம பரீட்சகருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஒருத்தரும் கேக்கேல்லையே."

"இண்டைக்குக் கேக்கல்ல. நாளைக்குக் கேப்பாங்க. அப்போ தமிழே வாசிக்கத் தெரியாம எழுத்தைப் பாத்து அடிக்கிற, கந்தோர்ல ஈக்கிற அந்தச் சிங்களத் தட்டச்சுப் பிள்ளைட தலையில போட்டுடுவாங்க."

திரும்பி வந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் முழுப் புள்ளி போட ஆரம்பித்தோம். அந்தப் பிள்ளையின் தாளில் நான் போட்ட பாதிப் பிழை சிவப்பாக இருந்தது. அதை அழிக்க வழியில்லை. அதன் அடியில் இன்னொரு சிறிய கோடு சேர்த்துச் சரியாக்கினேன். கொஞ்சம் கோணலான சரி.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் வந்தோம். பல்லேகலப் பக்கம் தொழிற்சாலை விடும் நேரம், வீதி நிறைந்திருந்தது. தெருவோரம் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"நீங்க சொல்லாம விட்டிருக்கலாம் சேர்" என்றேன்.

"விட்டிருக்கலாம்."

"உங்க கையெழுத்துத் தாளைக் கந்தோர்ல கேட்டுப் பாருங்க. கழித்தல்னு இருந்தா உங்க மேல பிழை இல்லையே."

"அத எங்க டீச்சர் வச்சிருப்பாங்க? வச்சிருந்தாலும், கழித்தல்னு ஈந்தா அந்தத் தட்டச்சுப் பிள்ளைக்குத் தண்டனை. கூட்டல்னு ஈந்தா எனக்கு. பாக்காம விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அதுவே போதும்."

அதற்குப் பிறகு டவுன் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் நினைத்ததுபோல அது போதுமாக இருக்கவில்லை. பெற்றோரின் வட்சப் குழுக்களில் கேள்வித்தாளின் படம் சுற்றியது. கூட்டலும் கழித்தலும் தெரியாதவர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாள் செய்கிறார்கள் என்று யாரோ எழுத, அதற்குக் கீழே அவருடைய பாடசாலையின் பெயரையும் யாரோ போட்டுவிட்டார்கள். கந்தோரில் விளக்கம் கேட்டார்கள். பிழை தன்னுடையதாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்புக்கு அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது ஒரு வகையில் நிம்மதி என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். ஆனால் குரல் நிம்மதியான ஆளின் குரல் இல்லை. வகுப்பில் கரும்பலகையில் குறி போடும்போது இப்போதெல்லாம் இரண்டு முறை பார்ப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் அதைக் கவனித்துச் சிரிப்பதாகவும்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதக் கருத்தரங்கு வைத்தார்கள். அங்கே நிரந்தரக் கணித ஆசிரியர் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் பிறந்தது அந்த மலையில்தான், அதனால் மறுக்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க நான் ஒருத்தி தனியே கத்த முடியாது, இன்னொருவரும் வேண்டும் என்று சொல்லி அக்குறணை சேரின் பெயரைக் கொடுத்தேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு வந்தார்.

வளைவு வளைவாக ஏறிய வான் வண்டியில் எனக்குத் தலைசுற்றியது. போய்ச் சேர்ந்தபோது மழைத் தூறல். தகரக் கூரைச் சத்தத்தில் பேசிப் பேசி மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. ஒருங்கமை சமன்பாடுகளை அவர் எடுத்தார். வரைபு கீறி, கோடுகள் சந்திக்கும் வகை, சந்திக்காத வகை, படிந்து கிடக்கும் வகை என்று மூன்றையும் காட்டினார். பாடத்திட்டத்தில் இல்லையே என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. பிறகு அவர் கேட்டார்:

"முன்னோடிப் பரீட்சையில தீர்வு இல்லைன்னு எழுதினது இங்க யாராவது ஈக்கிறீங்களா?"

அந்தத் தாள் எந்தப் பாடசாலையுடையது என்று எங்களுக்குத் தெரியாது. ஊகிக்கவும் வழியில்லை. அவர் போகிற ஒவ்வொரு வகுப்பிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் சொன்னார். யாரும் கை தூக்கவில்லை. அவர் அடுத்த கணக்குக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அதிபர் அறையில் இருந்தபோது ஒரு பெண்பிள்ளை வாசலில் வந்து நின்றாள். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், போகவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"டீச்சர், நான்தான் எழுதுனேன். தீர்வு இல்லன்னு."

சேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வரைபும் கீறினீங்களா மகள்? கோட்டுத் தாள்லயே?"

"ஆமாங்க சேர்." அவள் பயந்துவிட்டாள். "கீறக் கூடாதா?"

"ஏன் வகுப்புல கை தூக்கல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் மார்க்ஸ் குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அப்போ நான் எழுதுனது சரியா பிழையான்னு எனக்குத் தெரியல. பிழைன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

சேர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். அவள் முன்னால் நின்று சொன்னார். "நீங்க எழுதினதுதான் சரி மகள். மண்டபத்துல இருந்த எங்க எல்லாரையும்விட நீங்க சரி. அந்தத் தாளத் தமிழாக்கினது நான். ஒரு குறி மாறிப்போச்சு. அதால உங்கட நேரம் போச்சு, கடைசிக் கணக்கு ரெண்டும் போச்சு. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

ஒரு பெரிய ஆள், அதுவும் ஒரு சேர், தன்னிடம் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்திருக்கமாட்டாள். "பரவால்ல சேர்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அப்படியும் கணக்கு வருங்களா சேர்? விடையே இல்லாம?"

"வரும்."

"அப்போ நான் மறுபடி மறுபடி செஞ்சது வீண் இல்லைங்க" என்றாள். அது கேள்வியா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. சேர் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நான்தான் "வீண் இல்லம்மா, போய்ச் சாப்பிடு" என்று அனுப்பினேன்.

திரும்பி வரும் வழியில் அவர் பேசினார். நிறையப் பேசினார். அவருடைய சகோதரர்களின் கடையைப் பற்றி, மகளின் கல்யாணப் பேச்சைப் பற்றி, அக்குறணையில் மழைக்கு ஆறு வீதிக்கு ஏறுவதைப் பற்றி. எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தேன்.

அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஆசைப்பட்டாள் என்று அதிபர் சொன்னார். அந்தப் பக்கத்தில் தமிழில் அந்தப் பிரிவு இல்லை. டவுனுக்கு வந்து தங்க வீட்டார் விடவில்லை. அவள் கிட்டவுள்ள பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்ந்தாள். நான் ஒருமுறை அவளுடைய அம்மாவிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர், ஆனா யாரு கூட்டிட்டுப் போயி யாரு கூட்டிட்டு வர்றது?" என்றார். அடுத்த வருடம் மறுபடி எடுத்தேன். எண் மாறியிருந்தது.

இந்த வருடம் மொழிபெயர்ப்பை என்னிடம் கொடுத்தார்கள். வேறு ஆள் இல்லை என்றார்கள். தட்டச்சான பிரதியை எனக்குக் காட்டினால் மட்டும் செய்கிறேன் என்றேன். ஆச்சரியமாக, சம்மதித்தார்கள். ரகசியமான தாள் என்பதால் கந்தோரிலேயே வைத்துத்தான் பார்க்கவேண்டும், ஒத்துப்பார்க்க இன்னொரு ஆசிரியரைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நான் யாருடைய பெயரைச் சொன்னேன் என்று சொல்லத் தேவையில்லை. அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஒரு பிற்பகல் முழுக்க அவர் சிங்களத் தாளை வாசிக்க, நான் தமிழ்த் தாளில் விரல் வைத்துப் பார்த்தேன். குறிகளைச் சத்தமாகச் சொல்லி வாசித்தார். தட்டச்சுச் செய்கிற சிங்களப் பிள்ளை எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பிழை காட்டிய இடங்களை உடனே திருத்தினாள். கடைசிப் பக்கம் வந்தபோது எங்கள் இருவருக்கும் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. எழுந்து நின்றபோது அவருடைய முழங்கால் சடசடத்தது.

"இதுக்கு மேல பாக்க ஏலா டீச்சர்" என்றார்.

"எனக்கும் ஏலாது சேர்."

தாள் அச்சாகி வந்தபோது ஒரு முக்கோணத்தின் படம் அதன் கேள்வியிலிருந்து பிரிந்து மறுபக்கத்துக்குப் போயிருந்தது. கேள்வியைப் பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். நான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அந்தக் கேள்வியின் இலக்கத்தைக் கேட்டார். பிறகு, "குறி ஒண்ணும் மாறல்லையே?" என்று கேட்டார். மாறவில்லை என்றேன். அப்படியென்றால் தான் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் அடுத்த வகுப்புக்குப் போனேன்.